முப்பது வினாடி விழிப்புணர்வு

"'என் மகளப் படிக்க அனுப்புவேன்.' இவ்வளவுதாம்மா வசனம். கேமராவப் பாத்து நீ சொல்லிட்டா நாங்க பாட்டுக்குப் போயிருவோம்."

பேராசிரியர் குமரகுருபரன் ஐந்தாவது தடவையாகச் சொல்லிக்கொடுத்தார். எதிரே வரப்பில், முழங்கால் வரை சேறும் கையில் நாற்றுக்கட்டுமாகச் சந்தனமாரி நின்றாள்.

சீவலப்பேரியில் நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். கல்லூரி வேன் வந்து நின்று, 'பெண் கல்வி விழிப்புணர்வு முகாம்' என்று பேனரைக் கட்டி, குனிந்து நட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தியைக் கரையேற்றியிருந்தது. முப்பது வினாடி வீடியோ போதும். சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டால் சிறந்த ஒருங்கிணைப்பாளர் விருதுக்குக் குமரகுருபரன் பெயரும் போகும்.

அவர்தான் கல்லூரியின் 'முதலாண்டு மாணவர் ஆதரவு மைய'த்துக்குத் தலைவர். விடுதி, மனநல ஆலோசனை, பதினான்கு மன்றங்கள் என்று எல்லாம் அவர் கையில். "இந்த மையம் உங்களுக்குத் தாய்மடி. தயங்காமல் கதவைத் தட்டுங்கள்" என்று முதல் நாள் மைக்கில் உருகினார். அந்தக் கதவு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

விடாமல் தட்டியவர்களில் ஒருத்தி சுகன்யா, முதலாண்டு வேதியியல். பஸ் மாறி வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் முடிந்துவிடுகிறது, விடுதியில் ஓர் இடம் வேண்டும் என்று மனுக் கொடுத்தாள்.

"மொதல்ல ஈடுபாடு காட்டும்மா. சேவை அணியில சேரு, பாப்போம்" என்றார் அவர்.

மூன்று வாரமாக அவளும் ஈடுபாடு காட்டினாள். விருந்தினருக்கு மாலை வாங்கி வந்தாள், நாற்காலி துடைத்தாள், ஆள் வராத கருத்தரங்குகளில் ஆளாக உட்கார்ந்தாள். இன்றைக்கு லேப்பை விட்டுவிட்டு, வயல் வரப்பில் அவர் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விடுதிப் பட்டியல் இன்றோடு முடிகிறது. அவர் கையெழுத்துப் போட்டால் இடம், இல்லையென்றால் வருஷம் முழுக்கப் பஸ்தான்.

மனுவில் பெயர், ஊர், பெற்றோர் தொழில் எல்லாம் அழகாக எழுதியிருந்தாள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலாக மடித்தபடி சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

வயலில் நின்ற மற்ற பெண்கள் குடைப்பக்கம் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கேமராவையே கண்டதில்ல போலிருக்கு, பாவம்" என்றார் பேராசிரியர், படமெடுக்க வந்த மாணவன் பேச்சிராஜிடம். அந்தப் பெண்களில் பாதிப் பேர் இடுப்பில் செல்போன் செருகியிருந்தது. கிராமத்தைப் பற்றிப் புத்தகமே எழுதியவர் கண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

சந்தனமாரியின் பார்வையும் அடிக்கடி குடைக்கே போனது. அதை மட்டும் அவர் கவனித்துவிட்டார்.

"என்னம்மா, குடை வேணுமா? அடுத்த முகாமுல குடுக்கச் சொல்லுதேன். இப்ப வசனத்தச் சொல்லு."

"எனக்கு எதுக்குய்யா குடை? நாத்து வாடுது. என்னய விட்டா நடப் போவேன்."

"நாத்து கெடக்கட்டும். பொட்டப்பிள்ளைய வீட்டுலயே பூட்டி வச்சி, பதினேழு பதினெட்டுல எவன் கையிலயாவது பிடிச்சிக் குடுத்துருவீய. அதான இங்கன வழக்கம்?"

சந்தனமாரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஆடிக்காற்று குடையைப் பிடுங்கி இழுக்க, கம்பி ஒன்று பேராசிரியரின் காதில் இடித்துவிட்டது.

"ஏய்! ஒரு குடைய நேராப் பிடிக்கத் தெரியல, உனக்கெல்லாம் ஹாஸ்டல் ஒரு கேடா?"

மூன்று வாரமாக அவர் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஏய்'தான். தாய்மடியில் அதற்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதாம்.

"சாரி சார்" என்று சுகன்யா இரண்டு கையாலும் குடையை இறுக்கிப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

பேராசிரியருக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்தது. உதாரணம் காட்டிப் பாடம் நடத்தினால் மரமண்டைக்கும் ஏறும் என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம். சுகன்யாவைக் கைகாட்டினார்.

"இந்தா, இந்தப் பிள்ளையப் பாரு. இவளப் பெத்தவளும் உன்ன மாதிரி இருந்திருந்தா இவ காலேஜ் வாசல மிதிச்சிருப்பாளா? அந்தத் தாயிக்கு இருக்க அறிவுல கால்வாசியாவது உனக்கு வேண்டாமா? லே பேச்சிராஜ், ஆன் பண்ணு. இப்பச் சொல்லு, உன் மகளப் படிக்க அனுப்புவியா, மாட்டியா?"

பேச்சிராஜ் கேமராவை ஓடவிட்டான். வயலில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. சுகன்யா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சந்தனமாரி நாற்றுக்கட்டைக் கீழே வைத்தாள். கேமராவை விட்டுவிட்டுப் பேராசிரியரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"படிக்கத்தான் சார் அனுப்புனேன். நீங்கதான் எம்மவளக் குடை பிடிக்க வச்சிருக்கீய."