ஜப்பான் பெட்டி

"இது எந்த நாட்டுச் சரக்குடா?"

செருப்பைக் கழற்றும்போதே பல் டாக்டர் கேட்டுவிட்டார். மேஜை மேல் பாதி ஒட்டிய பிளாஸ்டிக் பொம்மை விமானம் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"போலந்து" என்றார் ஓவிய வாத்தியார்.

"அதானே பார்த்தேன். இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற சந்துல சைக்கிளே ஓட்டலாம் போலிருக்கே. இதுவே ஜப்பான் சரக்கா இருந்தா, பெட்டியைக் குலுக்கினா போதும். தானா ஒட்டிக்கிட்டு வெளிய வரும்."

ஆரம்பித்தாயிற்று பாட்டு. சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த வாத்தியார் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த மனுஷனுக்கு அவள் மனசுக்குள் வைத்திருக்கும் பெயரே 'ஜப்பான்'தான். முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துச் சினேகிதர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஆளுக்கொரு பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, பசையும் உப்புத்தாளுமாக உட்கார்ந்துவிடுவார்கள். பெட்டியில் எந்த நாட்டுப் பெயர் போட்டிருக்கிறது என்று அப்போது யார் பார்த்தார்கள்? கொஞ்ச நாளாகத்தான் டாக்டருக்கு இந்த வியாதி.

அந்தக் கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் வாத்தியாருக்கு லேசாக ஒரு ஸ்ட்ரோக் வந்து போனது. பேச்சு தெளிந்துவிட்டது, நடையும் சரியாகிவிட்டது. வலது கை மட்டும் முழுசாகத் தேறவில்லை.

"விரலுக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருக்கணும். சும்மா விட்டீங்கன்னா அப்படியே நின்னுடும்" என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வாத்தியாரோ, கோடு நேராக வரவில்லை என்று ஒரே நாளில் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டவர். கேரம் போர்டும் பரணுக்குப் போயாயிற்று. மிச்சமிருப்பது இந்த விமானம் ஒட்டுகிற வேலை ஒன்றுதான். இதையும் விட்டுவிட்டால் அந்தக் கைக்கு அப்புறம் வேலையே இல்லை.

எல்லாம் தெரிந்த ஆளே வாராவாரம் வந்து இப்படி மட்டம் தட்டினால்?

"எல்லா நாட்டுச் சாமானும் நல்லாத்தான்ணே இருக்கும்" என்று டீயை டங்கென்று வைத்தாள்.

"அதெப்படிம்மா? இங்கிலாந்து அச்சுக்கு நம்ம வயசு, பாதிப் பல்லு தேஞ்சிருக்கும். சீனாக்காரன் இப்பல்லாம் அழகாத்தான் பண்றான், ஆனா ஒரு சக்கரத்துக்கே பத்துத் துண்டு. போலந்துக்காரன் ஆணித்தலை வரைக்கும் செதுக்கிடுவான், ஒட்டப் போனா ரெண்டு பக்கமும் சம்பந்திங்க மாதிரி முறைச்சுக்கிட்டு நிக்கும். ஜப்பான்காரன்தான்மா மனுஷன்."

"அப்ப நீங்களே ஒண்ணு வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே?"

"இங்க எங்கம்மா கிடைக்குது? கிடைச்சாலும் விலையைக் கேட்டா எனக்கே பல் கூசும்."

வாத்தியார் தலையாட்டினார். "அவன் சொல்றதும் சரிதான். இந்த இறக்கையை எத்தனை தடவைதான் ஒட்டறது? அச்சே கோணல்."

பாவம், அவமானத்தை மறைக்கச் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு வெளிநாட்டுப் பார்சல் ஒரு பெரிய காரியமா?

பார்சல் வந்து சேர்ந்த வாரம், டாக்டர் உள்ளே நுழைந்து உட்காரக்கூட இல்லை. பெட்டியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தாள்.

"இந்தாங்கண்ணே. அசல் ஜப்பான். அங்கேருந்தே வரவழைச்சேன். இனிமே என்ன குறை சொல்றீங்கன்னு பார்க்கறேன்."

வாத்தியார் பெட்டியைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார். மெல்ல அதை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று அவள் நினைத்தாள்.

டாக்டர் முகம்தான் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவசரமாகப் பெட்டியைத் திறந்து, பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"ஏமாந்துட்டீங்கம்மா. டூப்ளிகேட்டு."

"என்னது?"

"பெட்டிதான் ஜப்பான். உள்ள இருக்கறது வேற எங்கயோ ஊத்தின மட்டமான சரக்கு. டேய், பார்த்து ஒட்டு. போலந்தை விட மோசமாப் படுத்தும்."

வாத்தியாரின் கை மேஜைக்கு மேலே வந்தது. "கொண்டா இப்படி. எவ்வளவு படுத்துதுன்னு பார்த்துடறேன்."

டாக்டர் சட்டத்தைத் திருப்பி வைக்கும்போது, அவர் கட்டைவிரல் மறைத்திருந்த இடத்தை அவள் பார்த்துவிட்டாள். ஜப்பானில் செய்தது என்று பிளாஸ்டிக்கிலேயே ஆங்கிலத்தில் முத்து முத்தாக அச்சாகியிருந்தது.

அவர் கிளம்பியபோது கேட் வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"படிச்ச மனுஷன்தானே நீங்க? உள்ளயும் ஜப்பான்னுதான் போட்டிருக்கு, நான் பார்த்தேன். அவர் எதைத் தொட்டாலும் உங்களுக்குக் குத்தமாண்ணே?"

டாக்டர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கையை வச்சுப் பொழைக்கறவன்மா நான். அவன் கை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை நாளும் கோணிக்கிச்சுன்னா போலந்தைத் திட்டிட்டு மறுபடி ஒட்டினான். நீங்க பாட்டுக்கு நல்ல சாமானை வாங்கி வச்சுட்டீங்க. இது கோணிக்கிச்சுன்னா அவன் எதைம்மா திட்டுவான்?"

அவள் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

வாத்தியார் மூக்கு நுனியில் கண்ணாடியோடு இறக்கையைப் பொருத்திக்கொண்டிருந்தார். விரல் நடுங்கி, இறக்கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார்.

"அவன் சொன்னது சரிதான். சுத்த மட்டம். உட்காரவே மாட்டேங்குது பாரு."

அவள் அந்தச் சட்டத்தில் எழுத்து இருந்த ஓரத்தை மட்டும் சத்தமில்லாமல் ஒடித்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க. கடைக்காரன் என்னை நல்லா ஏமாத்திட்டான். விடாதீங்க, இன்னொரு தடவை ஒட்டுங்க."