தபேலாவுக்குத் தனி டிராக்

"தபேலாவுக்குத் தனி டிராக் வேணும். அது இல்லாத சாஃப்ட்வேர் எனக்கு வேண்டாம்" என்றார் அசோக்குமார்.

மோகனப்ரியாவுக்குச் சுருக்கென்றது. ஓசூரில் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டுக் கச்சேரிக்குப் போகிற குழு அது. அவள் பாடகி, அசோக்குமார் தலைவர். பின்னணி இசையை இனி லேப்டாப்பில் ஓட்டுவது என்று முடிவாகிவிட்டது. எந்த சாஃப்ட்வேர் என்பதுதான் பேச்சு.

"இது ஈஸிண்ணா. மொத்தப் பாட்டும் ஒரே ஃபைல். அமுக்கினா ஓடிடும்" என்றான் கீபோர்டு அஸ்வின். "நீங்க சொல்றதுல வாத்தியம் ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஏத்தணும். கத்துக்கவே ஒரு மாசம் ஆகும்."

"ஆகட்டும். தபேலா தனியா இருக்கணும்."

தபேலா வாசிக்கும் கருப்பசாமி மூலையில் தலையைக் குனிந்துகொண்டார். பிரஸ் மெஷினில் இடது கை விரல் இரண்டைப் பறிகொடுத்து, ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் வந்திருந்தார்.

அவர் டீ குடிக்க இறங்கியதும் மோகனப்ரியா வெடித்தாள்.

"பதினோரு வருஷமா கூட வாசிச்சவரு. விரல் போச்சுன்னதும் அவரு இடத்துல லேப்டாப்பை உட்கார வைக்கிறீங்களா? மனசாட்சி இருக்குதாண்ணா? அவரு இல்லாத மேடையில நான் பாட மாட்டேன்!"

"அவரும் வருவாரும்மா" என்றார் அசோக்குமார்.

கோபத்தில் அவள் அந்த மாதம் ஒத்திகைக்கே போகவில்லை. பாகலூர் கோயில் திருவிழாவுக்கு நேராக மேடைக்குத்தான் வந்தாள்.

கருப்பசாமி தபேலாவோடு உட்கார்ந்திருந்தார். "வாசிச்சிருவேன்ல தம்பி?"

"நீங்க வாசிங்கண்ணே" என்றார் அசோக்குமார்.

சும்மா பொம்மை மாதிரி உட்கார வைத்துவிட்டார்களே என்று அவளுக்குத் தாங்கவில்லை. அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

தாளம் ஓர் இடத்திலும் பிசகவில்லை. சரணத்தில் தபேலா துள்ளிக்கொண்டு ஓட, அவளும் கூடவே ஓடினாள். "இன்னொந்து சலா!" என்று கன்னடத்தில் கத்தி, மறுபடியும் பாடச் சொன்னது கூட்டம்.

அவள் அசோக்குமாரின் காதருகே குனிந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"நீங்க செஞ்சதுதான் சரிண்ணா. டிராக் மட்டும் இல்லைன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும். பாவம், அந்தக் கையை வச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு?"

அசோக்குமார் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். வயலின், புல்லாங்குழல், கிடார் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை எரிந்துகொண்டிருந்தது. தபேலா மட்டும் அணைந்திருந்தது.

"முதல்ல இருந்தே நிறுத்தித்தாம்மா வச்சிருக்கேன்" என்றார். "எல்லாம் ஒரே ஃபைலா இருந்தா, இதை மட்டும் எப்படி நிறுத்துறது?"