பன்னிரண்டாவது ஸ்டிக்கர்

நான் கடைக்குள் நுழைந்தபோது பன்னிரண்டாவது ஜீப்புக்கான ஸ்டிக்கர் இயந்திரத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

‘மொக்கச்சாமி’ என்று ஜீப்காரர் பெயர். மஞ்சள் நிறம், குண்டு எழுத்து. ‘க’வுக்கு அதே தொந்தி. புள்ளி வைக்கிற இடத்தில் அதே ஏலக்காய். ‘மி’யின் வளைவு குரங்கு வாலாக மேலே போய், கடைசியில் அதே இரண்டு சுருள்.

“வா அனுசியா,” என்றார் விஜயகுமார் சார். “ஒன் எழுத்து தேவாரம் ஊரு வரைக்கும் போயிருச்சு. அம்புட்டுப் பேரும் இதுதான் வேணும்ங்கிறாய்ங்க.”

பகலில் அது ஸ்டிக்கர் கடை. மாலை ஆறு மணிக்கு மேல் அதே இடத்தில் சார் எங்களுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறார். இன்று நான் வகுப்புக்கு வரவில்லை. சண்டை போட வந்திருந்தேன்.

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து விரித்தேன். இதே எழுத்துள்ள பதினொரு ஜீப்புகளின் எண்கள். நேற்றும் இன்றும் விடியற்காலையில் ஜீப் ஸ்டாண்டில் நின்று எழுதியவை. தப்பாக எண்ணியிருப்பேனோ என்று மூன்று முறை எண்ணினேன். பதினொன்றுதான்.

மூன்று வருடம் முன்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்மா வேலைக்குப் போகிற காமராஜ் அண்ணனின் ஜீப். அதன் பின்பக்கம் ‘அன்னக்கொடி’ என்று அவர் மகள் பெயரை நான்தான் பிரஷ்ஷால் எழுதினேன்.

அழகுக்காக எழுதவில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களிடம் எட்டாவது வரை படித்ததாகச் சொல்லி வைத்திருக்கிறாள். விடிவதற்கு முன் ஸ்டாண்டில் முப்பது, நாற்பது ஜீப்புகள் நிற்கும். நம் ஜீப் எது என்று யாரிடமும் கேட்காமல் ஏற அவளுக்கு ஓர் அடையாளம் வேண்டும். தொந்தியும் வாலும் அவளுக்காக வைத்தவை.

ஓரமாக உட்கார இடம் பிடிக்க எப்போதும் முதல் ஆளாக வந்துவிடுவாள். வாலை ஒருமுறை விரலால் தொட்டுவிட்டு ஏறுவாள். மூன்று வருடத்தில் ஒருநாளும் மாறி ஏறியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஏறினாள்.

தூறல். தலையில் துண்டு. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். போடிமெட்டு தாண்டி, பூப்பாறையில் ஜீப் வழக்கமில்லாத சாந்தம்பாறைப் பக்கம் திரும்பிய குலுக்கலில்தான் விழித்தாள். சுற்றிலும் ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. இறக்கிவிடச் சொன்னாள்.

“ஏத்தா, இம்புட்டுப் பெருசா எழுதிப் போட்டுருக்கேன், படிக்கத் தெரியாதா?” என்றாராம் டிரைவர்.

ஜீப்பே சிரித்ததாம்.

இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. அந்த ஜீப்பில் போன ஒருத்தி சொல்லி, தெருவுக்கே தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது.

ஆறு நாளாக அம்மா வேலைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்கிறாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறாள், ஜீப் என்றால் மட்டும் வலிக்கிறது. நாளைக்கும் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏற்றிக்கொள்வதாகக் காமராஜ் அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“இத நிறுத்துங்க சார்,” என்றேன்.

“எத?”

ஸ்டிக்கரை இயந்திரத்திலிருந்து பிடுங்கினேன். பின்னால் இருந்த காகிதம் கிழிந்தது. எழுத்து கிழியவில்லை, ரப்பர் மாதிரி இழுபட்டது. இழுத்தேன். தொந்தி நீண்டது, வால் நீண்டது. அப்போதும் பார்த்தவுடன் தெரிகிற அதே எழுத்தாகத்தான் இருந்தது. அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

“கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? மொக்கச்சாமி அண்ணே வெளிய நிக்கிறாரு!”

“எங்கம்மாவுக்குன்னு எழுதுன எழுத்து சார் இது. யாரக் கேட்டு ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுக்குறீங்க?”

சார் இயந்திரத்தை நிறுத்தினார்.

“ஒன்னயக் கேட்டுத்தான். ஊரெல்லாம் ஒட்டுங்க சார்னு நீதான சொன்ன? வகுப்புக்கே முட்டாயி வேற வாங்கிக் குடுத்தியே.”

பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். ஆனால் எதையும் சரிபார்க்காமல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். அவசரத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது.

பிப்ரவரி பதினேழு. என் கையெழுத்துதான்.

“கணினியில் எழுத்துரு இன்று முடிந்தது. நான்கு மாத உழைப்பு. யார் கேட்டாலும் கொடுக்கலாமா என்று சார் கேட்டார். ஊரெல்லாம் ஒட்டுங்கள் என்றேன். எல்லோருக்கும் முட்டாய்.”

அதற்குக் கீழே, வீட்டுக்குப் போன பிறகு எழுதியது.

“முதல் அச்சாக ‘பொன்னுமணி’ என்று அம்மாவின் பெயரையே பெரிதாக எடுத்துப் போய்க் காட்டினேன். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. வாலை விரலால் தொட்டு, ‘நம்ம ஜீப்புல்ல!’ என்றாள். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.”