ஊறுகாய் மூடியில் இருந்த காசு

"இந்த ஊறுகாய் பாட்டில் மூடியில வச்சிருந்த காசு எங்க, ஐரீன்?"

வெண்டல் போட்ட சத்தத்தில் சமையலறை அதிர்ந்தது. மேசை கொள்ளாமல் ஒரு சென்ட் பென்னிகள் கொட்டிக் கிடந்தன. அவரோ மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"இத்தனை காசு கிடக்கு, எந்தக் காசைக் கேக்கற?" என்றாள் ஐரீன், தட்டுகளைக் கழுவியபடியே.

"எதுவா? 'ஒன் சென்ட்'ங்கற எழுத்து ரெண்டு ரெண்டா விழுந்திருந்ததே, அது! நேத்து லென்ஸ் வச்சுக் காட்டினேனே!"

காட்டத்தான் காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு நின்றது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், இந்தக் குளிர்காலத்தில்தான் வெண்டலுக்கு இந்தப் பித்துப் பிடித்தது. சனிக்கிழமை தோறும் வங்கிக்குப் போய்க் காகிதச் சுருள்களில் பென்னி வாங்கி வருவார். நாணயம் தயாராகும் அக்கசாலையில் தப்பும் தவறுமாக அடித்த காசு ஏதாவது தேறுமா என்று கண் வலிக்கத் தேடுவார். அக்கசாலை செய்த தவறென்றால் காசுக்கு மதிப்பு. தெருவில் அடிபட்டதென்றால் குப்பை. புதியவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவு சுலபத்தில் பிடிபடுவதில்லை. விளிம்பு சுருண்ட ஒரு காசைப் போன மாதம் பெருமையாக நாணயம் சேர்ப்போர் சங்கத்துக்குக் கொண்டு போனார். "இது துணி காய வைக்கிற மிஷினுக்குள்ள மாட்டிக்கிட்டுச் சுத்தின காசுய்யா" என்றார் அங்கே மூத்தவரான ரஸ். சங்கமே சிரித்தது.

"இது அசலு, ஐரீன். இன்னிக்குச் சாயங்காலம் அந்த ரஸ் மூஞ்சிக்கு நேரா நீட்டியிருப்பேன். கெடுத்துட்டாங்களே!"

"காலையில இருந்துச்சா?"

"இருந்திருக்கும். பேங்க்குக்குக் கிளம்புற அவசரத்துல, கண்ணாடி கூடப் போடலை. கவனிக்கலை."

ஐரீன் குழாயை மூடினாள். காலையில் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது அவளும் அந்த மேசையிலிருந்துதான் ஒரு பென்னி எடுத்தாள். அவளும் கண்ணாடி போடவில்லை. பட்டாளத்துக்காரனின் கல்லறைக்குப் போகிறவர்கள், வந்து போனதற்கு அடையாளமாக ஒரு பென்னி வைத்துவிட்டு வருவார்கள். மகன் டெரிக்கின் கல்லறைக் கல்லின் மேல் அவளும் வாராவாரம் வைக்கிறாள். இன்று எடுத்தது குவியலிலிருந்தா, மூடியிலிருந்தா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சொல்லிவிடலாம்தான். ஆனால் மகன் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை. பட்டாளத்தில் சேராதே என்று அப்பா சொன்னார். மகன் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாமல் போனவன் பெட்டியில் திரும்பி வந்தான். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு வெண்டல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்து அவள் பார்த்ததில்லை. கூப்பிட்டால், "கல்லுகிட்ட எனக்கென்ன பேச்சு?" என்பார்.

இப்போது அவர் வாக்குவம் கிளீனரின் பையைப் பிரித்து, அத்தனை தூசியையும் செய்தித்தாளில் கொட்டித் துழாவினார். பார்க்கப் பார்க்க ஐரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒத்தைக் காசுக்கு இந்தத் துடி துடிக்கற. பெத்த பிள்ளையை எட்டிப் பாக்க உனக்கு நேரமில்லை."

தூசிக்குள் இருந்த கை ஒரு கணம் நின்றது. மறுபடி துழாவத் தொடங்கினார்.

"முட்டை வாங்கிட்டு வரேன்" என்று கைப்பையைத் தூக்கினாள்.

"இன்னும் ஆறு இருக்கே?"

"எனக்கு ஏழு வேணும்!"

கார் கிளம்பும்போது உள்ளேயிருந்து அலறல் கேட்டது. "ஐரீன்! இப்ப லென்ஸையும் காணோம்!"

லென்ஸ் அவள் கைப்பையில் இருந்தது.

வழியில் சிவப்பு விளக்குகள் எல்லாம் சேர்ந்து அவளைப் பழிவாங்கின. யாராவது எடுத்திருந்தால்? காற்றில் விழுந்திருந்தால்? கல்லறைத் தோட்டத்தில் காரை அரைகுறையாக நிறுத்திவிட்டு ஓடினாள்.

கல்லின் மேல் இரண்டு காசுகள் இருந்தன.

காலையில் வந்தபோது கல் வெறுமையாக இருந்தது. புல் வெட்டுகிறவர்கள் நேற்றுத்தான் பழைய காசுகளை அள்ளியிருந்தார்கள். அவள் இடது ஓரத்தில் ஒன்று வைத்தாள். வலது ஓரத்தில் எப்போதும் வேறு யாரோ வைக்கிறார்கள். டெரிக்கோடு பட்டாளத்தில் இருந்த பையன் யாராவது இருப்பான், நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள். அவனை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. இன்றும் அவள் போனபின் வந்திருக்கிறான்.

தான் வைத்த காசை எடுத்து லென்ஸில் பார்த்தாள். சாதாரணப் பென்னி. எழுத்துகள் ஒற்றையாக, ஒழுங்காக நின்றன.

அப்பாடா என்றிருந்தது. அவள் தொலைக்கவில்லை. காசை வைக்கப் போனவள், கையில்தான் லென்ஸ் இருக்கிறதே என்று மற்றதையும் திருப்பிப் பார்த்தாள். எழுத்துகள் இரண்டிரண்டாக நின்றன.

பார்த்தவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"வெண்டல், உன் காசு கிடைச்சிருச்சு."

"கிடைச்சிருச்சா? எங்க? எங்க இருந்துச்சு?"

"காலையில நீ வச்ச இடத்துலயேதான் இருக்கு. வா, நானும் இங்கதான் உக்காந்திருக்கேன்."