எல்லாருக்கும் டெங்கு

அடையாறு ஆய்வகத்தில் அதீபா பதறிப்போனாள். ரத்த மாதிரிகள் நிறைந்த தட்டைக் கருவிக்குள் வைத்தால், தட்டின் தொண்ணூற்றாறு குழிகளுக்கும் டெங்கு என்றது. ஒப்பிட்டுப் பார்க்க அவள் சேர்த்திருந்த சொந்த ரத்தத்துக்கும்!

"உங்க மிஷின் போச்சு!" என்று கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தவன் சேரன், வேலைக்குப் புதியவன்.

"மேடம், மேல இருந்து லைட்டு ஒவ்வொரு குழியா ஊடுருவிக் கீழ வரும். ரொம்பக் குறைஞ்சு வந்தா, சென்சார் டெங்குன்னு சொல்லும். நடுவுல எதனா மறைக்குதா பாருங்க."

"எனக்கே பாடமா?" என்றபடி தட்டை வெளியே எடுத்தாள். மேலே ஒட்டிய அலுமினியத் தாள் பளபளத்தது.

"தாளைப் பிரிக்கலைப்பா..." என்றாள் ஈனஸ்வரத்தில்.

"கையேட்டுல முதல் வரியே அதான் மேடம். படிக்கலையா?"

"இல்லைப்பா, தொடவே இல்லை" என்று அவசரமாகப் பொய் சொன்னாள்.

போன வருஷம் கம்பெனிக்கு அந்தக் கையேட்டை எழுதிக்கொடுத்தவளே அவள்தான்.