போதுமான தண்டனை

“விட்டுட்டாங்களா? நிஜமாவே அவனை விட்டுட்டாங்களா?”

நீதிமன்ற வராந்தாவில் நர்ஸ் போட்ட சத்தத்தில், பெஞ்சில் கண்ணயர்ந்திருந்த போலீஸ்காரர் திடுக்கிட்டு எழுந்தார்.

“கொஞ்சம் மெதுவாம்மா” என்றார் அரசு வக்கீல். “லைசென்ஸை ஆயுசுக்கும் ரத்து பண்ணிட்டாங்க. இதுவரைக்கும் ஜெயில்ல இருந்ததே போதும்னு நீதிபதி நினைக்கிறார்.”

“போதும்னு சொல்ல அவர் யாரு? பறிகொடுத்தது அவரா, நானா?”

கூட வந்திருந்த அவளுடைய அண்ணன் அவள் தோளைத் தொட்டான். தட்டிவிட்டாள்.

“போன்ல யாரோ அனுப்பின வீடியோவைப் பார்த்துக்கிட்டே வண்டி ஓட்டியிருக்கான் சார். சிவப்பு விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியலை. அடிபட்டு வர்றவங்களுக்குக் கட்டுப்போடறதுதான் என் வேலை. அன்னிக்கு ஸ்ட்ரெச்சர்ல துணியை விலக்கிப் பார்த்தா, பள்ளிக்கூடம் கிளம்பின என் பொண்ணு! நான் பின்னிவிட்ட சடைகூடக் கலையலை.”

வக்கீல் கையிலிருந்த ஃபைலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அவருக்கும் வேதனை இல்லாம இல்லைம்மா. கூண்டுல நின்னு தேம்பித் தேம்பி அழுதாரே, பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன். அவன் அழுதா உங்க எல்லாருக்கும் மனசு இளகுது. எனக்குப் பத்திக்கிட்டு வருது! நான் இன்னும் ஒரு சொட்டுக்கூட அழலை சார். அவனை உள்ளே தள்ளட்டும், அதுக்கப்புறம் நிம்மதியா உட்கார்ந்து என் பொண்ணுக்காக அழலாம்னு அடக்கி வெச்சிருந்தேன். இப்ப நான் எங்க போய் அழறது?”

போலீஸ்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்.

“வாம்மா, போயிடலாம்” என்று அண்ணன் கெஞ்சினான். “அவர் வெளியே வர்ற நேரம். பார்த்தா உனக்கு இன்னும் கொதிக்கும்.”

“கொதிக்கட்டும். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றான்னு பார்க்கறேன். என் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை பேசச் சொல்லு அவனை!”

கதவு திறந்தது.

கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு, மழிக்காத தாடியோடு வந்தவன் நேராக அவள் எதிரில் வந்து நின்றான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வந்தவன் தலை நிமிரவே இல்லை.

“வீட்டுச் சாவி உங்கிட்டதானே இருக்கு?” என்றான் அவளுடைய கணவன்.