கஸ்பரின் சாட்சி

கஸ்பர் சாராயப் போத்தலை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தான். பிறகு மேடையை விட்டு இறங்கி, வாசலோரச் சாக்கடைக் கானுக்குள் அதைக் கவிழ்த்தான்.

"பிசாசு ஓடுது, பாருங்க!" என்று மைக்கில் கத்தினார் பாஸ்டர் துஷாந்த். கினிகத்தேனையில் அந்தச் சின்ன ஜெபவீடு அல்லேலூயா சத்தத்தில் அதிர்ந்தது.

முன்வரிசையில் இருந்த கஸ்பரின் மனைவி சுகிர்தம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மழையில் நனைந்த ஸ்வெட்டர்களின் புழுக்க நாற்றத்தோடு சாராய வாடையும் சேர்ந்து அவளுக்குக் குமட்டியது.

அவள் காலடியில் துணிப்பை இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால், முறிந்த கையோடு கொத்மலைப் பக்கம் அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போனவள். கஸ்பரும் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்த ஊருக்கு வந்து, ஒரு ஹாட்வெயார் கடையில் சேர்ந்துவிட்டான்.

"அவரு பழைய ஆளே இல்ல தங்கச்சி. ஆண்டவரு தொட்டுட்டாரு" என்று போன வாரம் பாஸ்டர் அண்ணன் வீடு தேடி வந்து சொன்னார். இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் புருஷனோடு அவள் போவதாகப் பேச்சு. அண்ணி அன்றைக்கே துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். சுகிர்தமும் நம்பத்தான் ஆசைப்பட்டாள்.

கஸ்பர் மைக்கை வாங்கினான். "நான் மிருகமா இருந்தேங்க. குடி என்னய ஆட்டி வச்சுச்சு. என்ன செய்யிறேன்னே தெரியாம பொண்டாட்டியப் போட்டு அடிப்பேன். விடிஞ்சா ஒண்ணுமே ஞாபகம் இருக்காதுங்க."

கண்ணீரும் மூக்குச் சளியும் ஒன்றாகி மீசையில் வழிந்தன. அவன் துடைக்கவில்லை. கூட்டம் உச்சுக்கொட்டியது.

சுகிர்தத்துக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. முதலில் கதவைச் சாத்துவான். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களுக்குக் கேட்காதபடி டீவியின் சத்தத்தைக் கூட்டுவான். கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணாடி கீறிவிடாமல் ஒரு துணியை விரித்து அதன்மேல் வைப்பான். அப்புறந்தான் அவள் பக்கம் திரும்புவான்.

பக்கத்தில் இருந்த மீனம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீ குடுத்து வச்சவ புள்ள. எங்க வீட்டு மனுசன் குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்துட்டாரு. ஒனக்கு ஆண்டவரு திருப்பிக் குடுத்துட்டாரு பாரு." அந்தக் கிழவி நிஜமாகவே அழுதாள். சுகிர்தத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேடையில் கஸ்பரின் குரல் ஏறியது. "வெறியில விழுந்து கெடந்தப்ப ஒரு வெளிச்சம் வந்துச்சுங்க. 'மகனே, எந்திரி'ன்னு ஒரு சத்தம். அப்பதான் எனக்கு வெளங்குச்சு. கைதாங்க என்னோடது. அடிச்சது அந்தப் போத்தலு!"

சனம் கதறியது.

"சிஸ்டர் சுகிர்தம், மேல வாங்க" என்றார் பாஸ்டர். "மன்னிச்சுட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆண்டவரு செஞ்ச அற்புதத்துக்கு நீங்கதான் சாட்சி."

அவள் மேடையேறியதும் கஸ்பர் தடாலென்று விழுந்து அவள் பாதங்களில் முகத்தை வைத்தான். சளியும் கண்ணீருமாக அந்த ஈரம் விரலிடுக்கில் பிசுபிசுத்தது. அட்டை ஏறியதுபோல அவள் காலை உதறி இழுத்தாள்.

கஸ்பர் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் அழுகை இல்லை. "சட்டுனு சொல்லித் தொலை. எல்லாரும் பாக்குறாங்கல்ல" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும் பழைய குரலில்.

இத்தனை வருஷமும் தலையைக் குனிந்தே ஜெபித்துப் பழகியவள் சுகிர்தம். அன்றைக்கு ஏனோ தலையை நிமிர்த்திச் சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, ஆண்டவரு வீட்டுல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாதுங்களே?"

"கூடவே கூடாதும்மா. மனசுல உள்ளத அப்படியே சொல்லுங்க!"

சனம் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தியது. கஸ்பர் முழங்காலில் இருந்தபடியே கைகளைக் கூப்பி, கண்களை மூடிக்கொண்டான்.

சுகிர்தம் சொன்னாள்:

"இவரு ஒரு நாளும் குடிச்சதில்லீங்க."